கல்தூசி நோய்க்கு இழப்பீடு

செங்கல்பட்டு மாவட்டத்தில் பாறையை வெடிவைத்துப் பெயர்ப்பது கல்குவாரி. பெயர்த்ததை ஜல்லியாக உடைப்பது கிரஷர். தேர்ந்தெடுத்த கல்லில் பிள்ளையாரும் நந்தியும் செதுக்குவது மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறை. உடைத்த ஜல்லியைக் கொட்டிப் பரப்புவது ரயில் பாதை. நான்கு இடங்களிலும் காற்றில் எழுவது ஒரே தூசி. அது நுரையீரலில் உண்டாக்கும் நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். வந்த நோயைத் திருப்ப மருந்து கிடையாது. நோய் வந்தவருக்கு இழப்பீடு தரவேண்டும் என்று இந்தியச் சட்டம் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறது. ஆனால் கேட்டுப் பெற்றவர்கள் குறைவு. அதன் காரணத்தில் பாதி நோயின் போக்கில் இருக்கிறது, பாதி சட்டத்தின் வாசகத்தில்.

முதலில் கல். பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்துப் பாறைக்குப் புவியியலில் தனிப் பெயர் உண்டு: சார்னோகைட். கல்கத்தாவின் தொடக்க காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. தாமஸ் ஹாலந்து 1893-ல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். ஆக, பல்லாவரத்துக் கல் கல்கத்தாவில் புதைந்தவரின் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. பொதுப் பேச்சில் இதுவும் கருங்கல்தான். கருங்கல் இனங்களில் கணிசமாக இருக்கும் கனிமம் குவார்ட்ஸ். சிலிக்கானும் ஆக்சிஜனும் படிக ஒழுங்கில் கட்டுண்ட பொருள் அது. கல்லுக்குக் கல் அதன் அளவு மாறும். சுற்றுலாப் பயணிகள் வாங்கிப்போகும் சின்னச் சிலைகளுக்கான மாக்கல்லில் குவார்ட்ஸ் குறைவு. கோயிலுக்குப் போகும் கருங்கல் சிலையில் கூடுதல். ஆகவே ஒரே வீதியில் பக்கத்துப் பக்கத்துப் பட்டறைகளில் உட்கார்ந்திருக்கும் இரண்டு சிற்பிகளுக்கு ஆபத்து ஒரே அளவில் இருப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியும் தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். கேடு செய்வது கண்ணுக்குத் தெரியாதது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 4, 5 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள்தான் மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைகளைக் கடந்து காற்று நுண்ணறைகள் வரை போகின்றன. அங்கே காவலுக்கு இருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் செல், கிருமியை விழுங்குவதுபோல இந்தத் துகளையும் விழுங்குகிறது. கிருமியானால் செரித்துவிடும். குவார்ட்ஸ் செரிக்காது. துகளை வைத்திருக்கும் பையின் சுவர் கிழிகிறது, உள்ளிருந்த நொதிகள் கசிகின்றன, செல் அழற்சிக்கான சமிக்ஞைகளைக் கொட்டிவிட்டுச் சாகிறது. துகள் அப்படியே வெளியே விழுகிறது. அடுத்த செல் வந்து அதையே விழுங்குகிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடக்க நடக்க அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து, வெங்காயத் தோல்போல வளையம் வளையமாக முடிச்சுகள் கட்டுகின்றன. பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில்தான் முதல் முடிச்சுகள் தோன்றும்.

இதில் சட்டத்துக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வேலையை விட்டுவிட்டாலும் நோய் நிற்காது. உள்ளே போன துகள் உள்ளேயே இருப்பதால் தழும்பு தொடர்ந்து பெருகலாம். வழக்கமான சிலிகோசிஸ் தெரியவர 10 ஆண்டுகளுக்கு மேலாகும். தூசி மிக அதிகமானால் 5 முதல் 10 ஆண்டுகளில் வரும். மூடிய அறையில் கடும் தூசியில் வேலை செய்தவருக்குச் சில மாதங்களிலேயே வந்து உயிரை வாங்கியதும் உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் படிக சிலிக்காத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்தது.

உளியும் சுத்தியும் மட்டும் இருந்த காலத்தில் கல் பெரும்பாலும் சில்லாகத் தெறித்தது. சில்லு கண்ணைக் கெடுக்கும், காலைக் கிழிக்கும், நுரையீரலுக்குள் போகாது. வைரப்பல் பதித்த வட்டத்தகடு சுழலும் கட்டிங் மெஷின் வந்தபின் கதை மாறியது. ஒரு வாரத்து உளிவேலையை ஒரு நாளில் முடிக்கிறது. ஆனால் கல்லை மாவாக அரைத்துக் காற்றில் விடுகிறது. ஆடைமடிப்பின் பள்ளத்தை இழைக்கும் சிற்பியின் முகம் கல்லிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். தூசி எழுவதும் அந்த ஒரு சாணுக்குள்தான். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். பட்டறையில் அதற்கு இரண்டு தடைகள். கல்லின் மேல் போட்ட காவிக்கோடு நனைந்தால் அழியும். மின்சாரக் கருவியும் தண்ணீரும் சேர்ந்தால் ஷாக் அடிக்கும். இரண்டாவதற்குத் தீர்வு உண்டு: தண்ணீர்க்குழாயோடு வரும் கருவிகளும், கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் சந்தையில் கிடைக்கின்றன. மூக்கில் கட்டும் துண்டு தீர்வே அல்ல. நெய்த துணியின் இழைகளுக்கிடையே 5 மைக்ரான் துகள் தாராளமாக நுழையும்.

எவ்வளவு தூசி வரை சட்டம் அனுமதிக்கிறது? 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ஒரு வாய்ப்பாடு தந்தது. சுவாசத்தில் உட்புகும் தூசியில் குவார்ட்ஸ் எத்தனை சதவீதமோ அதோடு 2 கூட்டி, அந்தத் தொகையால் 10-ஐ வகுக்க வேண்டும். விடை, ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கலாகும் தூசியின் மில்லிகிராம் அளவு. குவார்ட்ஸ் 30 சதவீதமானால் விடை சுமார் 0.31. அதில் குவார்ட்ஸ் மட்டும் 0.09 மில்லிகிராம். அமெரிக்கா 2016-ல் தனக்கு வகுத்துக்கொண்ட வரம்பு 0.05.

நோயைக் கண்டுபிடிப்பதில்தான் முதல் சறுக்கல். வறட்டு இருமல், மேடு ஏறினால் மூச்சு வாங்குவது, எடை இறங்குவது, எக்ஸ்ரேயில் மேல் நுரையீரலில் நிழல்: இவ்வளவையும் பார்க்கும் மருத்துவருக்கு முதலில் தோன்றுவது காசநோய். தோன்றுவதில் தப்பில்லை. செங்கல்பட்டின் பெயர் உலகக் காசநோய் ஆய்விலேயே இடம்பெற்றது. 1968-ல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை, இன்றைய திருவள்ளூர்ப் பகுதியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் நடந்தது; பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டிய சோதனை அது. இப்படிக் காசநோய் மலிந்த மண்ணில் கல்தொழிலாளிக்கு டி.பி. மாத்திரை எழுதிக்கொடுப்பது இயல்பு. போதாக்குறைக்கு இரண்டு நோய்களும் கைகோத்தே வரும். குவார்ட்ஸ் தின்று செத்த மேக்ரோஃபேஜ்தான் காசநோய்க் கிருமியையும் எதிர்த்திருக்க வேண்டிய செல். ஆகவே சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றுகிறது. இழப்பீட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் சிலிக்கோ டியூபர்குளோசிஸ் என்று இந்தக் கூட்டு நோய் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. முடக்கத்துக்கோ சாவுக்கோ சிலிகோசிஸ் இன்றியமையாத காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பதே அதற்கு நிபந்தனை.

சளியில் கிருமி தென்படவில்லை, ஆறு மாத மாத்திரையிலும் நிழல் குறையவில்லை என்றால் கேட்கவேண்டிய கேள்வி: என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை வருஷம்? சிலிகோசிஸ் என்று முடிவு செய்ய மூன்று வேண்டும்: தூசியில் உழைத்த வரலாறு, பொருந்தும் எக்ஸ்ரே, வேறு காரணம் இல்லை என்ற உறுதி. எக்ஸ்ரேயைப் படிக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு தர அளவுகோலும் வைத்திருக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவருக்குச் சிலிகோசிஸ் எனக் கண்ட மருத்துவர், தொழிற்சாலைகள் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. தவறினால் அந்தச் சட்டம் போட்ட அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். சட்டம் இந்தக் கடமையை எவ்வளவு கனமாக எடுத்துக்கொண்டது என்பதற்கு அந்தத் தொகையே சாட்சி.

இனி இழப்பீடு. ரயில் என்ஜினில் கரி போட்ட ஓர் அமெரிக்கத் தொழிலாளியின் வழக்கிலிருந்து தொடங்கினால் சிக்கல் தெளிவாகும். அமெரிக்க ரயில் தொழிலாளர்களுக்கு 1908 முதல் தனிச் சட்டம் உண்டு. கம்பெனியின் அஜாக்கிரதையை நிரூபித்தால் முழு நஷ்டத்தையும், வலிக்கும் வேதனைக்கும் உரிய தொகையையும் கேட்கலாம். கெடு மூன்று ஆண்டு. மிசௌரி பசிஃபிக் ரயில்வேயில் யூரி என்பவர் சுமார் 30 ஆண்டுகள் ஃபயர்மேனாக இருந்தார். சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவும் கருவி அன்றைய நீராவி என்ஜின்களில் இருந்தது. அதிலிருந்து கசிந்த மணல்தூசி அவர் நிற்கும் கூண்டுக்குள் வந்தது. 1940-ல் அவரால் வேலை செய்ய முடியாமல் போனது. சிலிகோசிஸ் என்று தெரிந்தது. 1941-ல் வழக்குப் போட்டார்.

கம்பெனி தரப்பின் வாதம் கெட்டிக்காரத்தனமானது. 1910 முதல் தூசி குடித்தவருக்கு நோய் எப்போதோ தொடங்கியிருக்கும், ஆகவே மூன்றாண்டுக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1949-ல் இதை ஏற்கவில்லை. ஒவ்வொரு மூச்சையும் தனித்தனிக் காயமாக எண்ணிக் கடைசி மூன்றாண்டு மூச்சுகளுக்கு மட்டும் ஈடு தரும் வழியையும் ஏற்கவில்லை. நோய் வெளிப்பட்ட நாளிலிருந்துதான் கெடுவை எண்ண வேண்டும் என்றது. அந்தச் சட்டம் விபத்துக்கு மட்டுமல்ல, தொழில்நோய்க்கும் பொருந்தும் என்றும் முடிவு செய்தது.

இந்தியாவின் வழி வேறு. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த, கட்டமைப்பு பெரும்பாலும் இன்றும் தொடரும் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் முதலாளியின் தவற்றை நிரூபிக்க வேண்டியதில்லை. மூன்றாம் அட்டவணையின் ‘இ’ பகுதியில் சிலிகோசிஸும் ஆஸ்பெஸ்டோசிஸும் உள்ளன. குறிப்பிட்ட காலம் அந்த வகை வேலையில் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால் அது வேலையால் வந்த காயம் என்றே சட்டம் கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் எதிர்த்தரப்புக்கு. பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை பார்த்திருந்தால் இழப்பீட்டு ஆணையர் நியாயமெனக் கருதும் விகிதத்தில் அவர்களிடையே பங்கு பிரிக்கலாம். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பி தன் வாழ்நாளில் பல பட்டறைகளில் உளி பிடித்திருப்பார் என்பதால் இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தற்காலிகத் தொழிலாளி என்று சொல்லி விலக்கவும் முடியாது. இழப்பீடு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்ட காகிதம் 17-ஆம் பிரிவின்படி செல்லாது.

இவ்வளவு தாராளமான சட்டம் கெடுவில் கையைச் சுருக்கிக்கொண்டது. நோயால் வேலைக்குத் தொடர்ச்சியாக வராமல் போன முதல் நாளே விபத்து நாள். அதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். வேலையை விட்டவர் என்றால், விட்ட இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தோன்றியிருக்க வேண்டும். அப்போது அறிகுறி கண்ட நாள் விபத்து நாளாகும். பத்தாண்டு கழித்து முளைக்கும் நோய்க்கு இரண்டாண்டு வாசல். விபத்துக்கென்று தைத்த சட்டையை நோய்க்கு மாட்டியதன் விளைவு இது. போதிய காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம் என்ற ஒரு விதிவிலக்குதான் இடைவெளியை ஓரளவு அடைக்கிறது. இரண்டு வருஷம் டி.பி. என்று தவறாக வைத்தியம் பார்க்கப்பட்டதைக் காட்டும் சிகிச்சை அட்டை அப்போது கைகொடுக்கக்கூடும்.

இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு இந்தக் கால இடைவெளி தெரியாததல்ல. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுக்காக நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரியில் வந்த தீர்ப்பு, தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, வேலையை விட்டபின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. நோய் உறுதியானவருக்கு 1 லட்சம் ரூபாய் என்றும் விதித்தது. பதிவேடு 40 ஆண்டு, மனுவுக்கு 2 ஆண்டு: இரண்டும் ஒரே நாட்டில்தான்.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது? நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். சாவுக்கு 50 சதவீதம். 45 வயதுக்கான காரணி 169.44. கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில், 45 வயதில் முற்றிலும் முடங்கிய ஒருவருக்கு 9,000 பெருக்கல் 169.44, அதாவது 15,24,960 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாத முதலாளி 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதமும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.) உள்ள இடமானால் இந்தச் சட்டம் பொருந்தாது. நிரந்தர முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீத அளவுக்கு மாதாமாதம் அங்கிருந்து வரும்.

இதெல்லாம் முதலாளி என்று ஒருவர் காகிதத்தில் இருந்தால். குவாரி, சட்டக் கணக்கில் சுரங்கம். கிரஷர், ஆள் எண்ணிக்கை இருந்தால், தொழிற்சாலை. நாலைந்து பேர் உட்காரும் சிற்பப் பட்டறை இரண்டுமல்ல. பத்துப் பேர் இல்லாததால் இ.எஸ்.ஐ.யும் இல்லை. அங்கே கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கு. சம்பளச் சீட்டு என்ற ஒன்றே இருக்காது. சொந்தமாகக் கல் வாங்கிச் செதுக்கும் சிற்பிக்கோ எதிர்த்தரப்பே கிடையாது. மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1957-ல் தொடங்கிய அரசுக் கல்லூரி சிற்பம் கற்றுத்தருகிறது. கலைக்குக் கிடைத்த காப்பு, செதுக்குபவரின் மார்புக்குள் எட்டவில்லை. கைவினைத் தொழிலாளர், கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டைகள் உதவித்தொகைக்குப் பயன்படும். இத்தனை ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தார் என்பதற்குச் சான்றாகவும் உதவும். ஆனால் வாரியம் தருவது உதவி, இழப்பீடு அல்ல.

ரயில் பாதைக்கு வந்தால் வேறொரு கோடு குறுக்கே ஓடுகிறது. நிர்வாக அலுவலகத்துக்கு வெளியே வேலை பார்க்கும் ரயில்வே ஊழியர்களை 1923 சட்டம் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. பாதையைப் பராமரிக்கும் டிராக்மேன் அதில் அடக்கம். ஒப்பந்தக்காரரின் ஆள் என்றால் 12-ஆம் பிரிவு வழிகாட்டும். தன் வழக்கமான வேலையை ஒப்பந்தத்தில் விட்ட நிறுவனமே முதன்மை முதலாளி. தொழிலாளி அதனிடமே கேட்கலாம், அது பின்னால் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். ஆனால் வேலை அந்த நிறுவனத்தின் இடத்திலோ அதன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்திலோ நடந்திருக்க வேண்டும். செங்கல்பட்டு யார்டில் ஜல்லி கொட்டும் ஒப்பந்தத் தொழிலாளி இந்தப் பிரிவைக் காட்டலாம். அதே ஜல்லியைக் கிரஷரில் உடைத்தவர் காட்ட முடியாது. தூசியை அதிகம் குடித்தவர் பெரும்பாலும் இரண்டாமவர்.

முதலாளியே கிடைக்காதபோது யார் தருவது? மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களிலிருந்து குஜராத்தின் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்குப் போன பழங்குடியினர் ஊர் திரும்பிச் செத்தார்கள். 2006-ல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 மே 4 அன்று, இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் தருமாறு குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. வேலை நடந்த மாநிலம் பொறுப்பேற்க வேண்டும் என்பது இதில் பொதிந்த கருத்து. ராஜஸ்தான் 2019-ல் தனிக் கொள்கையே வகுத்தது: நோய் சான்றளிக்கப்பட்டால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். முதலாளி யார் என்ற கேள்வியை அங்கே நோயாளியிடம் கேட்பதில்லை. 2006 வழக்கை 2024 ஆகஸ்டில் முடித்துவைத்தபோது, இழப்பீட்டுப் பணியைக் கண்காணிக்கும் பொறுப்பைத் தேசிய மனித உரிமை ஆணையத்திடமும், தூசித் தொழில்களின் தாக்கத்தைக் கவனிக்கும் பொறுப்பைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடமும் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1923 சட்டத்தின் இடத்தில் இப்போது 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயம் இருக்கிறது. பழைய சட்டத்தின் கட்டமைப்பு பெரும்பாலும் அதில் தொடர்கிறது. தொழிற்சாலை என்று கணக்கில் வர மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் போதும் என்றிருந்தது 20 ஆகியிருக்கிறது. சிறு கிரஷர்களைப் பொறுத்தவரை இது பின்னடைவுதான்.

மனு போவது தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக அமர்த்தப்பட்ட அதிகாரியிடம். கிரஷர்களில் வேலைக்கு வந்த ஒடிசாக்காரரோ பீகார்க்காரரோ மூச்சு முட்டி ஊர் திரும்பிவிட்டால் அதற்காக மறுபடி ரயிலேறத் தேவையில்லை. 1923 சட்டத்தின் 21-ஆம் பிரிவு, வேலை நடந்த இடத்தைப்போலவே தொழிலாளி வழக்கமாக வசிக்கும் இடத்திலும் மனுப் போட அனுமதித்தது. அங்குள்ள ஆணையர் வேலை நடந்த பகுதியின் ஆணையருக்குத் தெரிவித்துவிட்டு விசாரணையைத் தன் ஊரிலேயே நடத்தலாம்.